மறு: 'அக்ராசியா' – மனவலிமையின்மை சரிதானா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

நம் மெய்யியல் கலைச்சொல் பட்டியலில் 'அக்ராசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேராக 'மனவலிமையின்மை' என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆகவேண்டும்.

இன்னதுதான் நல்லது என்று தெரிந்தும் வேறொன்றைச் செய்துவிடுவதே அக்ராசியா. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குகிறார். அங்கே இரண்டு வகை சொல்கிறார். யோசித்து முடிவெடுத்தும் அதில் நிற்க முடியாமல் சரிபவர் ஒரு வகை. யோசிக்கவே இடம் கொடாமல் உணர்ச்சி இழுத்த பக்கம் பாய்பவர் இன்னொரு வகை. 'வலிமையின்மை' முதல் வகைக்குத்தான் பொருந்தும்; கிரேக்கத்திலேயே அதற்கு 'அஸ்தெனெய்யா' என்று தனிப்பெயர் உண்டு. உட்பிரிவின் பெயரைத் தலைப்புக்கு வைத்துவிட்டால், அப்புறம் உட்பிரிவுக்கு எங்கே போவது?

> 'அறிந்து வழுவல்' எனலாமே?

அழகான சொல். ஆனால் சாக்ரடீஸ் குறுக்கே நிற்கிறார். பிளேட்டோவின் புரோத்தகோரஸ் உரையாடலில் அவருடைய வாதமே அப்படி ஒன்று கிடையாது என்பதுதான். அறிவை அடிமைபோல ஆசை இழுத்துப்போக முடியாது, தவறியவன் உண்மையில் அறிந்திருக்கவே இல்லை என்கிறார். இது கண்ணெதிரே நடப்பதோடு முரண்படுகிறது என்று தொடங்கும் அரிஸ்டாட்டிலும் கடைசியில் பாதி அந்தப் பக்கமே சாய்கிறார். ஆசை மேலிட்ட நேரத்தில் ஒருவனிடம் இருக்கும் அறிவு, குடிபோதையில் பழைய மெய்யியலாளர் எம்பெடோக்ளீஸின் பாட்டை ஒப்பிப்பவனின் அறிவு போன்றதாம். ஆக, அறிந்தா அறியாமலா என்பதுதான் வழக்கே. கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

பழந்தமிழில் தேடினால் 'நிறையழிவு' கிடைக்கிறது. நிறை என்றால் மனத்தை நிறுத்திவைக்கும் உறுதி. குறளின் 126ஆம் அதிகாரம் நிறையழிதல். அதில் 'புலப்பல் எனச்சென்றேன் புல்லினேன்' என்கிறாள் தலைவி. ஊடப் போனவள் தழுவிவிட்டாள். இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டை அரிஸ்டாட்டிலும் தரவில்லை! ஆனாலும் இன்றைய மாணவருக்கு நிறை என்றால் இயற்பியல்தான். கற்பு என்ற பொருளும் கூடவே வரும்.

என் பரிந்துரை: தன்னாளாமை. வெஃகாமை, வெகுளாமை போல எதிர்மறைத் தொழிற்பெயர். மூலச்சொல்லான அக்ராசியாவில் உள்ள 'கிராட்டோஸ்' வலிமை, ஆட்சி இரண்டையும் குறிக்கும். நான் ஆட்சியை எடுத்துக்கொள்கிறேன். அரிஸ்டாட்டில் தரும் உவமையும் ஆட்சி பற்றியதே: தன்னாளாதவன் நல்ல சட்டங்களை எல்லாம் இயற்றி வைத்துக்கொண்டு ஒன்றையும் நடைமுறைப்படுத்தாத நகரம், தீயவனோ சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தும் நகரம், ஆனால் சட்டங்களே கெட்டவை. எதிர்ச்சொல்லான 'என்கிராடெய்யா'வுக்குத் தன்னாளுகை. தன்னாட்சி வேண்டாம், அது அரசியலுக்குப் போய்விட்டது.

-----

மறுமொழி:

ஐயா, ஒரு சிறு திருத்தம். இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் எடை. நீங்கள் சொல்லும் நிறையை நாங்கள் திணிவு என்போம். எப்படிப் பார்த்தாலும் நிறையழிவு தராசில்தான் ஏறும். விட்டுவிடலாம்.

தன்னாளாமை நல்லது, வேகமாகப் படித்தால் ஓர் ஆமை எட்டிப் பார்க்கிறது என்றாலும். இரண்டு கேள்விகள். அடக்கமின்மை என்றே எளிமையாக வைத்தால் என்ன? கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில் பிள்ளைகளைக் கொல்லப்போகும் மீடியா, தான் செய்யவிருப்பது கொடுமை என்று தெரிந்தும் சினம் தன் எண்ணங்களை மீறுகிறது என்கிறாளே, அதற்கும் இந்தச் சொல் பொருந்துமா?

-----

மறுமொழி:

எடை பற்றிய தகவலுக்கு நன்றி. அடக்கத்தை 'சோஃப்ரோசுனே' என்ற இன்னொரு கிரேக்கச் சொல்லுக்கு விட்டுவைக்க வேண்டும். அடக்கமுடையவனிடம் கெட்ட ஆசையே இராது. தன்னாளுகை உடையவனிடம் ஆசை இருக்கும், அதை வென்றுவிடுவான். 'அக்கொலாசியா' வேறு இருக்கிறது: இன்பத்தைத் துரத்துவதே சரி என்று தேர்ந்துகொண்டு, பிறகு வருந்தாமலும் இருப்பவனின் குணம். வருந்தாதவனைத் திருத்த முடியாது என்பது அரிஸ்டாட்டில் கணக்கு. மூலச்சொல் 'தண்டிக்கப்படாதது' என்ற பொருளில் வருவதால் அதற்கு ஒறுப்பின்மை என்று எழுதிவைத்திருக்கிறேன். அடக்கமின்மை என்று சொன்னால் இந்த நால்வரில் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

மீடியாவுக்கு அடைமொழி தேவை. அரிஸ்டாட்டில் வெறுமனே அக்ராசியா என்றால் உணவு, காமம் போன்ற உடலின்பம் பற்றியது. சினத்துக்கு வரும்போது 'சினத்தில்' என்று சேர்த்தே சொல்கிறார். அது அவ்வளவு இழிவும் இல்லையாம். பட்டியலில் தன்னாளாமைக்குக் கீழே 'சினத்தில் தன்னாளாமை' என்று தனி வரி போட்டுவிடுகிறேன்.