கொய்யா ஜெல்லியில் நீர் கசிகிறது, பிசகு எங்கே?

மனையியல் இளங்கலை, பழப் பதப்படுத்தல் செய்முறைக்காகக் கேட்கிறோம். அரசுப் பல்கலைக்கழக ஆய்வகம்; ரிஃப்ராக்டோமீட்டர் (சர்க்கரைச் செறிவை அளப்பது) உண்டு, பிஎச் மீட்டர் (அமிலத்தன்மையை அளப்பது) இல்லை.

1 கிலோ கொய்யா, ஒன்றரை லிட்டர் தண்ணீர், 2 கிராம் சிட்ரிக் அமிலம். அரை மணி நேரம் வேகவைத்து, பிழியாமல் வடித்தது (பிழிந்தால் கலங்கிவிடும்). ஸ்பிரிட் சோதனையில் (சாற்றில் ஆல்கஹால் கலந்து பார்ப்பது) பெக்டின், அதாவது ஜெல்லியை உறையவைக்கும் பழப்பொருள், ஒரே கட்டியாகத் திரண்டதால் சாற்றுக்குச் சமமாகச் சர்க்கரை. 65 பிரிக்ஸில் (சர்க்கரைச் செறிவு சுமார் 65%) இறக்கியது. நன்றாகவே உறைந்தது. ஆனால் மறுநாள் மேலே நீர் கோத்து நிற்கிறது.

அமிலம் கூடினால் பெக்டின் வலை இறுகி நீரை வெளித்தள்ளும், சந்தேகம் அதன்மேல்தான். பழமும் கொஞ்சம் செங்காய். பிஎச் தாளை மட்டும் வைத்து ஜெல்லிக்கு ஏற்ற பிஎச் 3.2ஐப் பிடிக்க முடியுமா? அமிலத்தை வேகும்போது பாதி, இறக்குமுன் பாதி எனப் பிரித்துச் சேர்ப்பவர்கள் அளவைச் சொல்லுங்களேன்.