1888: ஹாரிசன் விலைக்கு வாங்கிய பதவியா?

சீட்டுக்கட்டு:
1888 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிளீவ்லேண்டுக்கு, குடியரசுக் கட்சியின் ஹாரிசனைவிட நாடு முழுக்கச் சுமார் 90,000 வாக்கு கூடுதல். அதிபரைத் தீர்மானிக்கிற, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்கிலோ ஹாரிசன் 233, கிளீவ்லேண்ட் 168. இண்டியானா மாநிலத்தில் பணம் விளையாடியதுதான் காரணம். குடியரசுக் கட்சித் தேசியக் குழுப் பொருளாளர் டட்லி பெயரில் ஒரு கடிதம் பத்திரிகையில் வந்ததே: விலைபோகிறவர்களை ஐந்தைந்து பேராகப் பிரி, ஒவ்வொரு ஐவருக்கும் பணத்தோடு நம்பகமான ஒருவனைப் போடு, யாரும் நழுவக் கூடாது. டட்லி அதைப் போலி என்றார். நம்புகிறீர்களா?

ஆல்பனி:
கடிதம் உண்மையாகவே இருக்கட்டும், கணக்கு உதைக்கிறதே. மொத்தம் 401, ஜெயிக்க 201. இண்டியானாவின் 15-ஐ அப்படியே கிளீவ்லேண்டுக்குக் கொடுத்தாலும் 218–183, ஹாரிசன்தான். நியூயார்க்கின் 36-ஐ மாற்றினால்தான் 204–197 என்று கிளீவ்லேண்ட் ஜெயிக்கிறார். அங்கே வித்தியாசம் சுமார் 14,000. அதே நாளில் அதே மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஹில் கவர்னராக ஜெயித்தார்! கவிழ்த்தது சொந்தக் கட்சியா, டட்லியா? போதாக்குறைக்கு, கிளீவ்லேண்டே மேல் என்று பிரிட்டிஷ் தூதர் எழுதிய கடிதமும் அம்பலமாகி, பிரிட்டனை வெறுத்த ஐரிஷ் வாக்காளர்களைச் சீண்டியது.

சீட்டுக்கட்டு:
இண்டியானாவை நியூயார்க்குக்கு மாதிரியாகத்தான் சொன்னேன். வாக்குச்சீட்டை அன்று அச்சடித்தது கட்சிகள், அரசாங்கம் இல்லை. சீட்டைக் கையில் கொடுத்து, பெட்டியில் விழும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தால் வாங்கிய வாக்கு வந்து சேரும். ஒருவன் கண்ணுக்கு ஐந்து பேர்தான் அடங்குவார்கள். 1889-இல் இண்டியானா அரசே அச்சிடும் ரகசியச் சீட்டுக்கு மாறியது சும்மாவா?

எட்டுப்பெட்டி:
அந்த 90,000-ஐ இருவருமே அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள். தென் கரோலினாவில் அன்று கறுப்பினத்தவரே பெரும்பான்மை, அவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம். ஆனால் ஹாரிசனுக்கு 14,000-க்கும் குறைவு, கிளீவ்லேண்டுக்கு 65,000-க்கும் மேல். 1882 சட்டப்படி பதவிக்கொரு பெட்டி. எழுத்துப் படிக்கத் தெரியாமல் மாற்றிப் போட்டால் சீட்டு செல்லாது. யாராவது வரிசையை மனப்பாடம் செய்து வந்தால் பெட்டிகளை இடம் மாற்றிவிடுவார்கள். உங்கள் 90,000-இல் பாதிக்கு மேல் இந்த ஒரே மாநிலத்தின் வித்தியாசம்.

சீட்டுக்கட்டு:
சரி, மக்கள் வாக்கு வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ரகசியச் சீட்டு பரவிய பிறகு, 1892-இல், அதே இருவர் மோதினார்கள். இண்டியானா, நியூயார்க் இரண்டுமே கிளீவ்லேண்டுக்கு, 277–145.

ஆல்பனி:
நடுவில் 1890-இல் இறக்குமதி வரியை உயர்த்திய மெக்கின்லி சுங்கவரிச் சட்டம் வந்தது, அந்த ஆண்டே குடியரசுக் கட்சி கீழவையை இழந்தது. அதையும் சீட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவீர்களா?