இடது காதில் அம்மா, வலது காதில் கடம்

ஒரே வீடியோவில் இரண்டு மைக் வைத்து எடுத்தவர்கள் அவரவர் பட்டதைச் சொல்லலாம். முதலில் என்னுடையது.

மானாமதுரையில் கடம் செய்யும் ஓர் அம்மாவைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். அவர் சேலையில் காலர் மைக், கடத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் கன் மைக் (நீட்டிய திசையில் வரும் சத்தத்தைப் பிடிக்கும் நீள மைக்). கேமராவில் ஒலி பதிவாகும் தனிப் பாதைகளில் முதல் சேனல் குரலுக்கு, இரண்டாவது சேனல் கடத்துக்கு. ஈர மண்ணைத் தட்டித் தட்டி இறுக்குகிற அந்தச் சத்தம்தான் படத்துக்கு உயிர். அதனால்தான் அதற்கென்று தனி மைக்.

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு, லேப்டாப் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டு இரண்டு நாள் வெட்டினேன். ஹெட்போன் மாட்டிய பிறகுதான் தெரிந்தது: அம்மாவின் குரல் முழுக்க இடது காதில், தட்டும் சத்தம் வலது காதில். நான் கொடுத்தது இரண்டு தனி மைக். மென்பொருளோ அதை இடது, வலது என்ற ஒரு ஸ்டீரியோ ஜோடி என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

டைம்லைனில் வைப்பதற்கு முன்பே க்ளிப்பை ரைட் க்ளிக் செய்து, மாடிஃபை, ஆடியோ சேனல்ஸ் போய், மோனோ என்று மாற்றி, ஆடியோ க்ளிப் எண்ணிக்கையை 2 என்று வைத்திருந்தால் இரண்டும் தனித்தனி டிராக்கில் வந்திருக்கும். பிறகு மாற்றினால் ஏற்கெனவே டைம்லைனில் இருக்கும் துண்டுகளுக்கு அது போய்ச் சேராது. இரண்டு நாள் வேலையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஆடியோ முழுவதையும் கீழ் டிராக்கில் ஒரு நகல் எடுத்தேன். மேலே உள்ளதற்கு 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்' (இடதில் இருப்பதையே வலதிலும் நிரப்பும் எஃபெக்ட்), கீழே உள்ளதற்கு 'ஃபில் லெஃப்ட் வித் ரைட்'. மேல் டிராக்கில் காலர் மைக் மட்டும், கீழ் டிராக்கில் கன் மைக் மட்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டையும் ஒன்றாக ஓட விட்டால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இதற்குக் காரணம் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கன் மைக் அம்மாவின் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்ததால், அதே குரல் அதில் 3 மில்லிசெகண்ட் பிந்தி விழுந்திருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமே 40 மில்லிசெகண்ட். ஃபிரேம் கணக்கில் நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. டைம்லைனை ஆடியோ அலகுக்கு மாற்றினால் சாம்பிள் கணக்கில் நகர்த்தலாம், நொடிக்கு 48,000 சாம்பிள் என்று பதிவு செய்திருந்தால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 140 சாம்பிள். ஆனால் அம்மா குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார், தூரம் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் அவர் பேசும்போது கன் மைக்கின் ஒலியை இறக்கி, பேச்சை நிறுத்தித் தட்டும்போது ஏற்றினேன். நேரம் பிடித்த வேலைதான். ஆனாலும் அவர் பேச்சு அடங்கி, தட்டு மட்டும் மேலெழும் இடத்தை இப்போது கேட்டாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

* * *

அக்கா, உங்களுக்காவது பிரிக்க இரண்டு சேனல் இருந்தது. நான் ஒரு தாத்தாவையும் பேத்தியையும் பேச வைத்து ஒயர்லெஸ் மைக்கில் எடுத்தேன். ரிசீவர் 'மெர்ஜ்டு' முறையில் இருந்ததைப் பார்க்கவில்லை. தாத்தா கப்பலில் வந்த கதையைச் சொல்லித் தழுதழுக்கிறார், அதே நேரம் பேத்தி மைக்கில் வளையல் சத்தம். இரண்டும் ஒரே சேனலில் கலந்து கிடக்கிறது. வளையலைக் குறைத்தால் தாத்தாவும் குறைகிறார். அந்த இடத்தை அப்படியேதான் விட வேண்டியதாகிவிட்டது. இப்போது ரிசீவரில் 'ஸ்ப்ளிட்' வைத்து, ஒவ்வொருவரையும் தனியாகப் பேசச் சொல்லி இரண்டு ஒலி அளவு மீட்டரையும் பார்த்த பிறகே தொடங்குகிறேன். எடிட்டிங்கில் நான் டாவின்சி ரிசால்வ் மென்பொருள்காரன். மீடியா பூலில் ரைட் க்ளிக், க்ளிப் அட்ரிபியூட்ஸ், ஆடியோ. அங்கே இரண்டு மோனோவாக மாற்றிவிட்டுத்தான் டைம்லைன் பக்கமே போவேன்.

* * *

என்னுடையது வேறு மாதிரி. ஒரு பட்டிமன்றத்தில் மிக்ஸரிலிருந்து நேராக கேமராவின் சின்ன மைக் ஜாக்குக்கு வயர் இழுத்தேன். ஹெட்போனில் சத்தம் வந்தது, கொஞ்சம் வெற்றாக இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. வீடியோவை அனுப்பியதும் பேச்சாளர் போன் செய்தார்: "தம்பி, படம் ஓடுது, பேச்சே இல்லையே!"

மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள ஒலி இணைப்பு) அவுட்புட்டில் 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான அலையைக் கொண்டுவரும். அந்த வயர் ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் கொடுத்திருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. நல்ல வேளையாக, ஒவ்வொரு சேனலிலும் பேச்சு முழுதாக இருந்தது. வலதை நீக்கிவிட்டு இடதையே இரண்டு பக்கமும் நிரப்பி, அன்று இரவே திரும்ப அனுப்பினேன். அக்கா, உங்கள் கடம் வீடியோவையும் ஒருமுறை ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

* * *

கேட்டேன் தம்பி. பழைய போன் ஒன்றில் போட்டேன், குரலும் இருக்கிறது, தட்டும் இருக்கிறது.