புதுப்பிப்பு: நீச்சல்குளப் பயிற்சியோடு செந்தோசாக் கடல் போட்டிக்குப் போனது

வட்டார நீச்சல்குளத்தில் மட்டுமே பழகிய ஒருவர் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 1.5 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டியில் கலந்துகொள்ளலாமா என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். கலந்துகொண்டேன், முடித்தும்விட்டேன்.

தூரத்தைவிடத் திசையே சிரமம் தந்தது. குளத்தின் அடியில் தெரியும் கறுப்புக்கோடு கடலில் கிடையாது என்பதால், சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவந்து பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் மூச்செடுக்க வேண்டும். தலையை முழுவதுமாக உயர்த்தினால் கால்கள் அமிழ்ந்து வேகம் குறைகிறது. இதைக் குளத்திலேயே பழகச் சொல்லி இந்த இழையில் பதிலளித்த அண்ணனுக்கு நன்றி. முன்னால் செல்பவரை ஒட்டி நீந்தினால் நீரின் தடை குறையும் என்பதும் உண்மைதான், அவர் சரியான திசையில் போகும்வரை!

வெப்பத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. 2010ஆம் ஆண்டு ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்த பிறகே, அனைத்துலகப் போட்டிகளில் நீரின் வெப்பநிலைக்கு 31 பாகை செல்சியஸ் என்ற உச்சவரம்பு வந்தது. நம் கடல் பல மாதங்களில் அந்த வரம்பை நெருங்கியே இருக்கிறது. நீருக்குள் வியர்ப்பதும் தெரிவதில்லை. எனவே காலை ஏழு மணிப் பிரிவையே தேர்ந்தெடுங்கள்.

நீரின் தரமும் கவனத்துக்குரியது. 2025 ஜூலையில் செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியிலேயே, ஈ.கோலை கிருமியின் அளவு கூடியதால் 10 கிலோமீட்டர் பந்தயங்கள் ஒத்திவைக்கப்பட்டன. மழைநீர் கரையிலுள்ள அழுக்கைக் கடலில் சேர்க்கக்கூடும் என்பதால், கனமழைக்கு மறுநாள் நான் கடலில் பயிற்சிக்கு இறங்குவதில்லை.