‘முன்பயிர் விளைவு’ வேண்டாம், ‘முன்பயிர் வரவு’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

> முந்தைய பயிர் அடுத்த பயிரின் மகசூலைக் கூட்டுவதையோ குறைப்பதையோ சொல்ல ‘முன்பயிர் விளைவு’ என்ற கலைச்சொல் போதாதா?

போதாது என்றே படுகிறது. விளைவு என்றால் விளைச்சல் என்றும் பொருள் உண்டே. அட்டவணைத் தலைப்பில் அப்படிப் போட்டால், முன்பு போட்ட பயிரின் மகசூல் என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள். ‘தாக்கம்’ இன்னும் மோசம். வயல் பேச்சில் அது பூச்சிக்கும் நோய்க்கும் உரியது. ‘எச்சப் பயன்’ அழகான சொல், ஆனால் மண்ணில் மிஞ்சிய சத்தை மட்டுமே சொல்லும். கோதுமை வேரை அழுகவைக்கும் டேக்-ஆல் பூஞ்சை, அறுத்த பயிரின் வேர்களில்தான் பிழைத்துக் கிடக்கும். நடுவே ஒரு பருவம் பயறு வந்தால் பூஞ்சை பட்டினியில் மெலிந்துவிடும். இங்கே பயன் எஞ்சியதால் வரவில்லை, எஞ்சாமல் போனதால் வந்தது.

என் பரிந்துரை ‘முன்பயிர் வரவு’. ‘வரத்து’ சந்தைக்குப் போய்விட்டதால் குழப்பம் இராது. கணக்கில் வரவுக்கு எதிரே பற்றும் உண்டு. முந்தைய பயிர் ஈரத்தை உறிஞ்சிவிட்டுப் போனால் ‘முன்பயிர்ப் பற்று’.

அப்புறம், வரவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பயறுக்குப் பின் ஒரு துண்டு, தானியத்துக்குப் பின் ஒரு துண்டு என்று கோதுமை போட்டு, இரண்டிலும் யூரியாவைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். மகசூல் இடைவெளியில் யூரியா கூடக் கூடச் சுருங்குகிற பகுதி ‘தழைச்சத்து வரவு’ (தழைச்சத்து என்றால் நைட்ரஜன்). எவ்வளவு இட்டாலும் சுருங்காமல் நிற்பது ‘உரஞ்சாரா வரவு’. (‘நல்வரவு’ என்று சுருக்கலாமா என யோசித்தேன். வாசல் பலகை ஆகிவிடும்!)

மலைப்பகுதியில் இந்தப் பிரிவு இல்லாமல் முடியாது. குளிரில் மட்குவது மெதுவாக நடக்கும். கோதுமை கேட்கும் நேரத்தில் பயறு விட்டுப்போன தழைச்சத்து முழுதும் கிடைக்காது. கனமழை அதை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். எத்தியோப்பிய மலைகளில் பயறு வகையான ஃபாபா அவரையைச் சுழற்சிப் பயிராக்கி, பின்னால் கோதுமையோ பார்லியோ போடுகிறார்கள். அங்கே பல இடங்களில் அமிலச் செம்மண் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்துவைத்துக்கொள்ளும்; மணிச்சத்து கிடைக்காத அவரையில், காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் வேர்முடிச்சு சரியாகப் பிடிக்காது. ஆக, அவரைக்கு இட்ட மணிச்சத்து உரம் அடுத்த பருவக் கோதுமையில் தழைச்சத்து வரவாகத் தலைகாட்டும்.

இதை உரத்தின் பெயரில் எழுதுவதா, முன்பயிரின் பெயரிலா? நான் முன்பயிரின் பெயரில்தான் எழுதுவேன். உழைத்தது வேர்முடிச்சு அல்லவா. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் சொல்லுங்கள்.