முதல் பக்கம் மூன்று ஆண்டு வெறுமையாக இருந்தது

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பட நோட்டு வைத்திருப்பவர்களும், பட்டியல் எழுதுவதைப் பூசை போலச் செய்பவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரு பூவைச் சந்தித்த கதை.

முப்பது வருடம் இரவுப் பணி பார்த்த செவிலி நான். ஒவ்வொரு விடியலிலும் அடுத்து வருபவரிடம் ஒரு பட்டியலை ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். படுக்கை எண், பெயர், காய்ச்சல், கொடுத்த மருந்து, கொடுக்க வேண்டிய மருந்து. ஓய்வு பெற்றதும் கை அந்தப் பட்டியலைத் தேடியது. மளிகைச் சாமான் பட்டியலை நாள் தவறாமல் எழுதினேன். என் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி மேலே பிள்ளையார் சுழி, முதல் பொருள் மஞ்சள். வாங்க வேண்டியதெல்லாம் எழுதி முடித்த பிறகும் பேனாவை மூட மனம் வராது.

அப்போதுதான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியை குறிஞ்சிப்பாட்டிலிருந்து ஒரு பகுதியை நகலெடுத்துக் கொடுத்தார். கபிலர் பாடியது, மொத்தம் 261 அடி. தினைப்புனம் காக்கப் போன பெண்ணும் தோழியும் அருவியில் குளித்துவிட்டு, பூக்களைப் பறித்து வந்து பாறைமேல் குவிக்கிறார்கள். என்னென்ன பூ என்று கபிலர் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை. காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று போய்க்கொண்டே இருக்கிறது. 99 பூக்கள்! இதில் கதை எங்கே என்று வகுப்பில் சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ சன்னதியில் நின்று அர்ச்சனை கேட்பது போல இருந்தது. 108 போற்றியும் பட்டியல்தானே? அங்கே ஒரு பெயருக்கு ஒரு பூ விழுகிறது. இங்கே பெயரே பூவாக விழுகிறது.

அன்று மாலையே கெட்டித் தாள் நோட்டு ஒன்று வாங்கினேன். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள், விலை கூடுதல்தான். ஆனால் மெல்லிய தாளில் நீர்வண்ணம் பட்டால் பக்கம் சுருங்கி அப்பளம் போல ஆகிவிடும். செலவு செய்வதென்றால் அதற்கு மட்டும் செய்யுங்கள். ஒட்டுப்படங்களும் தங்கநிறப் பேனாக்களும் நாலு வாரத்தில் அலுத்துவிடும்.

பக்கத்துக்கு ஒரு பூ என்று 99 பெயர்களையும் முதலிலேயே எழுதிவிட்டேன். பிறகு கணினியில் படம் பார்த்து வரையத் தொடங்கினேன். பதினோரு பூ வரைந்தேன். அத்தனையும் சுவர்க் காலண்டரில் வரும் பூக்கள் மாதிரி இருந்தன. நன்றாக இருந்தன, ஆனால் உயிரில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது, நோயாளியைப் பார்க்காமலேயே காய்ச்சல் அளவை எழுதியது போன்ற வெட்கம் வந்தது. பதினொன்றையும் கிழித்தேன். அன்றிலிருந்து ஒரே விதி: கண்ணால் பார்த்த பூவை மட்டும் வரைவேன். பார்க்காத பூவுக்குப் பெயர் மட்டும் இருக்கும், பக்கம் காத்திருக்கும்.

துழாய், அதாவது துளசி, வீட்டு வாசலிலேயே இருந்தது. வாழை பின்கட்டில். தாமரையை டர்பன் தாவரத் தோட்டத்துக் குளத்தில் பார்த்தேன். 1849இல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று சனிக்கிழமை வரைந்தேன். ஆனால் பட்டியலின் முதல் பெயர் காந்தள். நோட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளைப் பக்கம். அது தமிழ்நாட்டு மலையில் பூப்பது, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றே மூன்று ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம், வட கரையோரத்தில் பேரப்பிள்ளைகளோடு மணற்குன்றுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். புதருக்குள் ஏதோ எரிவது போலத் தெரிந்தது. கிட்டப் போனேன். ஆறு இதழ்களும் பின்னால் வளைந்து மேல்நோக்கி நிற்கின்றன. ஓரமெல்லாம் அலை அலையாக நெளிவு, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இலையின் நுனியே சுருண்டு கம்பி போலாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கிறது. எனக்கு முழங்கால் நடுங்கியது. காந்தள்! இந்த ஆப்பிரிக்க மண்ணுக்கும் அது சொந்தப் பூதான் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது இங்கே பூத்துக்கொண்டிருந்திருக்கிறது.

விறகு சுமந்து வந்த ஒரு சுலு மூதாட்டி, நான் மண்ணில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து நின்றார். கிழங்கைத் தொடாதே, நஞ்சு என்று கையசைத்தார். செவிலிக்கு அது தெரியும்; கொல்சிசின் என்ற நஞ்சு அந்தக் கிழங்கில் இருக்கிறது. ஆனாலும் என்மீது அக்கறைப்பட்டாரே என்று கண் கலங்கியது. பையிலிருந்த நோட்டைத் திறந்து வெற்றுப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரைக் காட்டி, “காந்தள்” என்றேன். அவர் தம் மொழியில் அதன் பெயரைச் சொன்னார். அதைத் தமிழ் எழுத்தில் கீழே எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகு மணலில் உட்கார்ந்து வரைந்தேன். முதலில் மஞ்சள் பூசி, அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் சிவப்பைத் தொட வேண்டும். பொறுக்காமல் தொட்டால் இரண்டும் கலங்கி ஆரஞ்சுச் சேறாகிவிடும். காயும் வரை ஒன்றும் செய்யாமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னதியில்கூட நான் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

இன்று 34 பூக்கள் ஆகியிருக்கின்றன. உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து:

வணக்கம் அம்மா. நான் வரைந்தது பூ இல்லை, தழும்பு.

இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் வந்த நாள் 16 நவம்பர் 1860. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம். கடைசியில் உடலில் உள்ள அடையாளம். ஆள் ஓடிப்போனால் பிடிக்கவும் உதவிய பட்டியல் அது.

என் பாட்டனாரின் தகப்பனார் வந்த கப்பலின் பதிவு நகல் கையில் கிடைத்தபோது அவர் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவருக்கு மேலும் கீழும் இருந்தவர்கள் அவரோடு வாரக்கணக்காகக் கடலில் கிடந்தவர்கள் அல்லவா? அவர்களை நாம் விட்டுவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? விடியற்காலையில் குளித்துவிட்டு, நாளுக்கு ஒருவராகக் கையால் எழுதத் தொடங்கினேன். எழுத்தர் காதில் விழுந்தபடி கிறுக்கிய பெயர்களைத் தமிழுக்குத் திருப்பினேன். ‘மூன்சாமி’ முனுசாமி ஆனார், ‘கத்தவரோயன்’ காத்தவராயன் ஆனார். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆன கதை நமக்குத் தெரிந்ததுதானே. சில பெயர்களை எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அவற்றை எழுத்தர் எழுதியபடியே விட்டிருக்கிறேன்.

என் கப்பலில் வந்த எவருக்கும் புகைப்படம் கிடையாது. முகத்தைக் கற்பனையாக வரைவது பொய் என்று தோன்றியது. பதிவேடு என்ன சொல்கிறதோ அதை மட்டும் கரிப்பென்சிலால் வரைந்தேன். இடது கன்னத்தில் மச்சம், வலது முழங்காலுக்குக் கீழே வெட்டுத் தழும்பு, நெற்றியில் அம்மை வடு. பக்கம் முழுக்க வெறுமை, நடுவில் ஒரு தழும்பு. ஒரு பெண்ணின் வரியில் இரு முன்கைகளிலும் பச்சை குத்தியிருப்பதாக இருந்தது. என்ன உருவம் என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு கைகளை வரைந்து, குத்திய இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன். அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆளைப் பிடிக்க உதவிய பட்டியல், என் கையில் திதி கொடுப்பது போல ஆகிவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அம்மா.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

அக்கா, ஐயா, இரண்டையும் அழுதுகொண்டே படித்தேன். என் அம்மாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. என் பெயரையே சில நாள் மறந்துவிடுகிறார். ஒரு மத்தியானம் பொழுதுபோகாமல் சமையலறைப் பொருள்களை வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் படத்தில் விரல் வைத்து “முறம்” என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருடமாயிற்று. அன்று முதல் நான் வரைகிறேன், அம்மா பெயர் சொல்கிறார். அம்மி, உரல், அகப்பை, உறி. 41 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. எனக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது, ஆனால் இந்த 41 சொற்களையும் பிழையில்லாமல் எழுதுவேன். ஒரு கேள்வி, அக்கா: நிரம்பாத பக்கங்கள் உங்களை வருத்துவதில்லையா? அம்மா சொல்ல முடியாமல் போன பொருளுக்கு அருகே பெயரில்லாத இடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து, மீண்டும்:

ஐயா, அந்தப் பச்சை குத்திய கைகளை நினைத்து இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள். என் விளக்கின் முன்னும் அந்தப் பெயர் இருக்கட்டும்.

தங்கச்சி, வருத்தியது, மறைக்கமாட்டேன். இப்போது அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி வெறுமை இல்லை என்று படுகிறது. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்கு விமான டிக்கெட் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், ஆகவே அது நம்பிக்கையோடு காத்திருக்கும் பக்கம். அனிச்சம் எந்தப் பூ என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. முகர்ந்தாலே வாடும் என்று குறள் சொல்கிற அந்தப் பூவின் பக்கம் என் காலத்தில் நிரம்பாது. அதன்மேல் எனக்கு ஏனோ தனிப் பிரியம். நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயரை ஒருமுறை விரலால் தடவுகிறேன். அம்மா பெயர் சொல்லாத பொருளை அழித்துவிடாதே, நீயாகப் பெயரும் எழுதாதே. படம் அங்கேயே இருக்கட்டும். வேறொரு நாள் அவர் விரல் அங்கே போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கபிலரின் பட்டியல் முடிவருகே ‘பிறவும்’ என்று ஒரு சொல் வருகிறது. இத்தனை பூக்களைச் சொன்னவர் கதவைச் சாத்தவில்லை. அதனால் நூறாவது பக்கத்தில் பெயராக அந்தச் சொல்லையே எழுதியிருக்கிறேன். அங்கே பறவைத் தலை போலிருக்கும் இந்நாட்டுப் பூவான ஸ்ட்ரெலிட்சியா வரப்போகிறது. அம்மாவை ஒரு நாள் அழைத்து வா; இந்தப் பூவை அவர் தமிழில் என்னவென்று சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மழை இல்லாவிட்டால் கடற்கரைக்குப் போகிறேன். அடும்பு மணலில் படர்ந்து பூத்திருக்கிறதாம். இலை குளம்பு போலப் பிளந்திருக்கும், பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். ஏழு மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். வர முடிந்தவர்கள் வாருங்கள். தாள் என்னிடம் இருக்கிறது.