கெரவலப்பிட்டியில காஸ் மெஷின், எரியிறது டீசல்: எல்என்ஜி டெர்மினல் வேணுமா வேண்டாமா?

வடலி:
மின்சார பில் பற்றின திரியில கதை காஸ் பக்கம் போய் இடையில நிண்டு போச்சு, அதால இதுக்கெண்டு தனியாத் திறக்கிறன். என்ர நிலைப்பாட்டை முதலே சொல்லிடுறன். இலங்கைக்கு எல்என்ஜி (குளிரவைச்சுத் திரவமாக்கிக் கப்பல்ல கொண்டு வாற காஸ்) இறக்கித் திரும்பக் காஸாக்கிற டெர்மினல் ஒண்டும் அங்கயிருந்து கொழும்புக்கு வடக்க இருக்கிற கெரவலப்பிட்டிக்குக் குழாயும் வேணும், இனியும் இழுத்தடிக்கேலாது.

கெரவலப்பிட்டியைப் பாருங்கோ. யுகதனவி மின்நிலையம் 300 மெகாவோட், 2010இல இருந்து நிக்குது, பிறகு காஸுக்கு மாத்தலாம் எண்டு சொல்லித்தான் கட்டினது, இன்னும் எண்ணெய்தான் குடிக்குது. அதுக்குப் பக்கத்தில சோபாதனவி 350 மெகாவோட், காஸுக்கெண்டே ரெண்டர் போட்டு வந்த மெஷின், 2024 ஆகஸ்ட்டில முதல் கட்டம் ஓடத் தொடங்கினது, அதுக்கும் ஊத்திறது டீசல். இந்த மாதிரி நிலையத்தில காஸ் டர்பைன்ல இருந்து வாற சூட்டுப் புகையைப் பிடிச்சுத் தண்ணியைக் கொதிக்க வைச்சு ரெண்டாவது டர்பைனையும் சுத்துவாங்கள், அதால எரிபொருள்ல இருக்கிற சக்தியில பாதிக்கு மேல கரண்டா வரும், நுரைச்சோலை நிலக்கரியில மூண்டில ஒரு பங்கு சொச்சம்தான். வெளிய விடுற கரியமில வாயுவும் நிலக்கரியின்ர பாதி. இவ்வளவு நல்ல மெஷினை வாங்கி வைச்சுக்கொண்டு, இருக்கிறதிலயே விலை கூடின எண்ணெயை எரிச்சு, அந்தக் காசை எங்கட பில்லில போடுறாங்கள். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் இருட்டில இருந்தம், டீசல் கப்பலுக்குக் குடுக்க டொலர் இல்லை எண்டு. அதை மறந்திட்டமா?

கணக்கர்:
வடலி அண்ணை, மெஷின் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனா 2022இல டீசலுக்கு டொலர் இல்லாத நாடு எல்என்ஜிக்கு எங்க டொலர் எடுத்திருக்கும்? ரெண்டும் கப்பல்ல தானே வருது. அந்த வருஷம் ஓகஸ்ட்டில ஆசியச் சந்தையில எல்என்ஜி ஒரு எம்எம்பிடியூவுக்கு (காஸின்ர வெப்பத்தை அளந்து விலை சொல்லுற அலகு) 70 டொலர் வரைக்கும் ஏறினது, 2020இல அதே சாமான் 2 டொலருக்குக் கீழ கிடந்தது. 2022 ஜூலையில பாகிஸ்தான் 10 கப்பலுக்கு ரெண்டர் போட ஒருத்தரும் விலை குடுக்கேல்லை, ஐரோப்பாக்காரர் எல்லாத்தையும் வாங்கிட்டாங்கள். டெர்மினல் இருந்தது, குழாய் இருந்தது, காஸ் நிலையமும் இருந்தது, ஆனா ஊருக்குக் கரண்ட் இல்லை.

அளவைப் பற்றியும் யோசியுங்கோ. கெரவலப்பிட்டியில ரெண்டும் சேர்த்து 650 மெகாவோட், வருஷம் முழுக்க நிப்பாட்டாம ஓடினாலே ஏறக்குறைய 8 லட்சம் தொன் எல்என்ஜி காணும். உண்மையில அப்பிடி ஓடாது, மழை பெய்து குளங்கள் நிரம்பினா நீர்மின்சாரம் வந்திடும், பகல்ல சோலார் வந்திடும், ஆக அரைவாசி எண்டு வையுங்கோ. வங்காளதேசம் மகேஷ்காளியில வைச்சிருக்கிற மிதக்கிற டெர்மினல் ஒவ்வொண்டும் ஒரு நாளைக்கு 500 மில்லியன் கன அடிக்குக் குறையாமக் குடுக்கிற அளவு, எங்களுக்கு முழு வேகத்தில ஓடினாலும் 100 மில்லியன்தான் வேணும். மிச்ச இடம் சும்மா கிடக்க, வாடகையை நாங்கள் கட்டுறது.

சுன்னாகம் கிணறு:
நான் ஒரு விஷயம் மட்டும் சொல்லுறன், எண்ணெய் எரிக்கிறதுக்குக் கணக்கில வராத விலை ஒண்டு இருக்கு. எங்கட சுன்னாகப் பக்கம் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடித் தண்ணிக்குள்ள இறங்கி, வாளியை விட்டு இழுத்தா மேல எண்ணெய்ப்படலம் மினுங்கிக்கொண்டு வந்தது, வீட்டு வாசல்ல பவுசர் வருமட்டும் குடத்தோட நிண்ட சனம் நாங்கள். 2019இல உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. காஸ் கசிஞ்சா காத்தோட போகும், கிணத்துக்குள்ள இறங்காது. அதால நான் வடலி அண்ணை பக்கம்.

கணக்கர்:
சுன்னாகத்தை ஆரும் மறக்கேலாது, ஆனா அதுக்குக் காரணம் கழிவைக் கண்டபடி விட்டதும் ஆரும் பாக்காம விட்டதும். காத்தோட போற காஸும் மீதேன், சூடாக்கிறதில கரியமில வாயுவை விடப் பலமடங்கு மோசம்.

வடலி:
கணக்கர் தம்பி, பாகிஸ்தானில 2022இல நடந்தது உடனடிச் சந்தையில வாங்கப் போனதால. அதே பாகிஸ்தான் கட்டாரோட 2016இல போட்ட நீண்டகால ஒப்பந்தம் கச்சா எண்ணெய் விலையில 13.37 வீதம் எண்டு கட்டி வைச்சது, 2021இல போட்டது 10.2 வீதம், அந்தக் கப்பல்கள் 2022இலயும் வந்தது. விலையை முன்னமே கட்டி வைக்கோணும் எண்டுதான் அதில இருந்து எனக்கு விளங்குது, காஸே வேண்டாம் எண்டு இல்லை.

மற்றது சோலார் சோலார் எண்டுறீங்கள், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சது எண்டு அமைச்சர் சொன்னார், முழு நாடும் இருட்டு. குரங்கு பாய்ஞ்சிருக்கும், ஆனா ஒரு இடத்தில கோளாறு வந்தா முழு நாடும் ஏன் விழோணும்? ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவு, கூரைச் சோலார் கட்டுக்கடங்காம வருது, ஓடிக்கொண்டிருந்த பெரிய சுழல் மெஷின் கொஞ்சம், அலைவெண்ணை (கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் துடிக்குது எண்ட கணக்கு) தாங்கிப் பிடிக்கப் பாரம் காணேல்லை. நுரைச்சோலை 3 மெஷினும் நிண்டு, திரும்பச் சூடாக்கி எடுக்க நாள்க்கணக்கு, அந்தக் கிழமை முறை வைச்சுக் கரண்ட் வெட்டினாங்கள். காஸ் டர்பைன் எண்டா அரை மணித்தியாலத்துக்குள்ள எழும்பும். காத்தும் வெயிலும் கூடக் கூட உப்பிடி டக்கெண்டு எழும்பிற மெஷின் தான் தேவை.

கணக்கர்:
எழும்பிற மெஷின் உங்களிட்ட ஏற்கனவே இருக்கே அண்ணை! அது வருஷத்தில கொஞ்ச மணித்தியாலம் ஓடுறதெண்டா டீசல்லயே ஓடட்டும். கொஞ்ச நேரம் ஓடுற மெஷினுக்கு வருஷம் முழுக்க வாடகை கட்டிற டெர்மினல் எதுக்கு? அலைவெண்ணைப் பிடிக்க பற்றரி ஒரு கண் சிமிட்டுற நேரம் கூட எடுக்காது, காஸ் டர்பைனை விட வேகம். பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் வாற உச்சப் பாவனைக்கும் மத்தியானச் சோலாரைச் சேத்து வைச்சுக் குடுக்கலாம், 2025 புதுவருஷ லீவில சோலாரை நிப்பாட்டுங்கோ எண்டு சனத்தைக் கெஞ்சினாங்கள், சும்மா வாற வெயிலை வீணாக்கிறம்.

கட்டாரோட கட்டின ஒப்பந்தம் எண்டீங்கள், மிச்சக் கதையையும் சொல்லுங்கோ. பாகிஸ்தான் சனம் பில் தாங்கேலாம சீனச் சோலார் பலகையை வாங்கிக் கூரையில போட்டது, 2024 ஒரு வருஷத்தில மட்டும் ஏறக்குறைய 17,000 மெகாவோட் பலகை இறங்கினது. பிறகு அரசாங்கத்திட்ட காஸ் மிஞ்சிப்போய், கட்டாரிட்டப் போய்க் கப்பலைப் பிந்தி அனுப்புங்கோ எண்டு கேட்டது. எடுத்தாலும் காசு, எடுக்காட்டாலும் காசு எண்டு ஒப்பந்தத்தில கிடக்கு. இலங்கைச் சனமும் அதே பில், அதே வெயில், அதே பலகை. நாங்கள் 15 வருஷத்துக்கு கையெழுத்து வைச்சா 5ஆம் வருஷம் இதே இடத்தில நிப்பம்.

பேசாலைக் கரை:
எல்லாரும் கட்டார், பாகிஸ்தான், வங்காளதேசம் எண்டு சுத்திறீங்கள், மன்னார்க் கடலுக்குள்ள கிடக்கிறதை ஒருத்தரும் கதைக்கேல்லையே. 1970களிலயே எங்கட பேசாலையில ரஷ்யாக்காரரின்ர உதவியோட கிணறு தோண்டிப் பாத்தவை, ஒண்டும் அம்பிடேல்லை. பிறகு 2011 ஒக்ரோபரில கெய்ர்ன் கம்பனி டொராடோ கிணத்தில காஸ் கண்டது, அடுத்த மாதமே பரகுடாவில ரெண்டாவது. கண்டு பிடிச்ச காஸை வைச்சுக்கொண்டு கப்பல்ல வாங்கப் போறம்.

வடலி:
பேசாலை, அதைத்தான் நானும் சொல்ல வந்தன். டொராடோ கிணறு இருக்கிற இடத்தில கடல் ஆழம் 1,300 மீற்றருக்கு மேல, அதுக்குக் கீழ இன்னும் தோண்டி மொத்தம் 3 கிலோமீற்றர் ஆழத்திலதான் அந்த 25 மீற்றர் காஸ் படை. அவ்வளவு ஆழத்தில கிணறு, அடிக்கடல் குழாய், கரையில சுத்திகரிப்பு எல்லாம் போட எவனாவது காசு இறக்கோணுமெண்டா வாங்கிறவன் ஆர் எண்டு முதல் கேப்பான். நாட்டில காஸ் எரிக்கிற நிலையம் ஒண்டும் இல்லாத நேரம் கெய்ர்ன் 2015இல விட்டிட்டுப் போனது, எண்ணெய் விலையும் விழுந்திருந்தது. 2021இல புதுப் பெற்றோலிய வளச் சட்டம் கொண்டு வந்து அதிகார சபையும் அமைச்சாச்சு, ஆனாலும் ஆள் வரேல்லை. முதல்ல கப்பல் காஸ் வந்து நாடு காஸுக்குப் பழகினா, அதே குழாயில பிறகு மன்னார் காஸை விடலாம்.

பேசாலைக் கரை:
அண்ணை, "பிறகு" எண்ட சொல்லை நாங்கள் கனக்கக் கேட்டிட்டம். மன்னாரில தம்பபவனிக் காத்தாடி மின்நிலையம் 2020இல வந்தது, நாடே பெருமையாக் கதைச்சது. இங்க வந்து மாரியில பாருங்கோ. காத்தாடிக்குப் போட்ட றோட்டு மேடாக் கிடக்கு, முந்திக் கடலுக்கு இறங்கின மழைத்தண்ணி இப்ப வளவுக்குள்ள நிக்குது, பின்வாசல்ல மலசலகூடக் குழியும் தண்ணியும் ஒண்டாயிடும், பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போற சனம் இருக்கு. அதுக்கு மேல இல்மனைட் மண் அள்ளக் கேக்கிறாங்கள். கரண்ட் தெற்குக்குப் போகுது, பில் எங்களுக்கும் அதே பில்தான்.

காஸ் எடுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, எடுங்கோ. ஆனா குழாய் எந்தக் கரையில ஏறுது, எத்தினை கிலோமீற்றருக்கு வலை போடக் கூடாது எண்டு தடுப்பீங்கள், ரோயல்ரியில (காஸ் எடுக்கிறவன் அரசாங்கத்துக்குக் குடுக்கிற பங்கு) மன்னாருக்கு எவ்வளவு, இதை முதல் எழுத்தில வையுங்கோ. ஏற்கனவே எதிர்க்கரை றோலர் அள்ளிறதுக்குள்ள தான் எங்கட ஆக்கள் தொழிலுக்குப் போகினம்.

திருமலை பொடியன்:
எதிர்க்கரை எண்டதும் கேக்கிறன், நாகபட்டினத்தில இருந்து திருகோணமலைக்குக் குழாய் வரப்போகுது எண்டாங்களே, அதில காஸ் வராதா?

கணக்கர்:
இல்லைத் தம்பி, அது பெற்றோல் டீசல் மாதிரிச் சுத்திகரிச்ச எண்ணெய்க் குழாய். காஸ் குழாய் வேற, அழுத்தம் வேற. ஆனா நல்ல இடத்தைத் தொட்டீங்கள். மன்னாருக்கு நேரெதிரே ராமநாதபுரத்தில நிலத்துக்குள்ள இருந்து காஸ் எடுத்து வழுதூரில தமிழ்நாட்டு மின்வாரியம் மின்நிலையம் ஓட்டுது, ரெண்டு மெஷினும் சேர்த்து 190 மெகாவோட்டுக்குக் கிட்ட. சின்ன வயல், பக்கத்திலயே சின்ன நிலையம், கப்பலும் இல்லை டெர்மினலும் இல்லை. அப்பிடிக் காஸ் பாவிக்கிறதை நான் எதிர்க்கமாட்டன்.

சுன்னாகம் கிணறு:
அப்ப கொச்சியில இருந்து கொண்டெய்னர்ல காஸ் கொண்டு வந்து சோபாதனவிக்குக் குடுக்கிற கதை என்ன மாதிரி? இந்திய எல்என்ஜி கம்பனி பெற்றோநெட்டோட கதைச்சவையே. அதுக்கு டெர்மினல் தேவையில்லைத்தானே.

கணக்கர்:
போட்டுப் பாப்பம். 1 கிலோ எல்என்ஜியில 50 மெகாஜூல் சொச்சம் வெப்பம். 300 மெகாவோட் ஒரு நாள் முழுக்க ஓட ஏறக்குறைய 1,000 தொன் வேணும். 40 அடி தாங்கிக் கொண்டெய்னர் ஒண்டில 17 தொன் போகும். ஒரு நாளைக்கு 60 கொண்டெய்னர், மைனஸ் 162 பாகையில, துறைமுகத்தில இறக்கி, கொழும்பு றோட்டால ஓட்டிக்கொண்டு போய், திரும்ப வெறும் தாங்கியை 60 ஏத்தோணும். தினமும். பின்னேரம் 4 மணித்தியாலம் மட்டும் ஓடுறதெண்டா 10 கொண்டெய்னர், அது நடக்கிற காரியம்.

வடலி:
பாத்தீங்களே, உங்கட கணக்கே காட்டுது, ஒழுங்காக் குறைஞ்ச விலைக்குக் காஸ் வேணுமெண்டா கப்பலும் குழாயும்தான் வழி. 2017இல இருந்து இந்தியாவும் ஜப்பானும் கொழும்பில டெர்மினல் எண்டு கதைச்சது, ஒண்டும் நடக்கேல்லை. 2021 செப்ரெம்பரில அமெரிக்க எல்என்ஜி கம்பனி நியூ போர்ட்ரெஸுக்கு யுகதனவியில திறைசேரியின்ர 40 வீதத்தை 250 மில்லியன் டொலருக்கு எண்டு நள்ளிரவில கையெழுத்து வைச்சினம், ரெண்டர் இல்லை, அமைச்சரவையில இருந்த 3 பேரே எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போச்சு. அந்த முறை பிழை, அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்தமாட்டன். ஆனா களவாப் போட்ட ஒரு ஒப்பந்தத்தைக் காட்டி ஒழுங்கா ரெண்டர் போட்டு வாற ஒப்பந்தத்தையும் கலைச்சா, கடைசியில டீசல் விக்கிறவன் தான் சிரிப்பான்.

கணக்கர்:
சரி, நான் ஒத்துக்கொள்ளுற ஒப்பந்தம் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுறன். கட்டாயம் எடுக்க வேண்டிய அளவு, நல்ல மழை வருஷத்தில எரிக்கிற அளவை விடக் கூடக் கூடாது. 5 வருஷத்தில ஒருக்கா குறைக்கிற உரிமை எங்களுக்கு. மன்னார் காஸ் வந்தா வெளியில போற வாசல் திறந்திருக்கோணும். டெர்மினல் வாடகை ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தினை ரூபா எண்டு பில்லில தனி வரியாக் காட்டோணும். இந்த நாலும் இருந்தா நானே கை தூக்கிறன்.

வடலி:
அந்த நிபந்தனைக்கு ஒரு கம்பனியும் கப்பலைக் கட்டாது தம்பி. மிதக்கிற டெர்மினல் வைச்சிருக்கிறவன் தன்ர வங்கிக்கு நிச்சயமான வருமானம் காட்டினாத்தான் அவனுக்குக் கடன். குறைக்கிற உரிமையை வேணுமெண்டா 7 வருஷத்துக்குப் பிறகு கேக்கலாம், மன்னார் வாசல் கட்டாயம் வேணும், அதில நானும் உங்களோட.

கணக்கர்:
7 வருஷம் வீட்டுப் பில்லில தொங்கும். எனக்கு 5.

பேசாலைக் கரை:
நீங்கள் ரெண்டு பேரும் 5ஆ 7ஆ எண்டு பிடிபடுங்கோ, எனக்கு இன்னும் மறுமொழி வரேல்லை. குழாய் எந்தக் கரையில ஏறப்போகுது? மன்னார்த் தீவா, அரிப்பா, கற்பிட்டியா? புது ரெண்டர் கடதாசி ஆரிட்டயாவது இருந்தா இதில போடுங்கோ, வரைபடம் இருக்கிற பக்கத்தை முதல் போடுங்கோ.